மதிலுக்கு உள்ளே

எரிகோவின் மதில் யோசுவா காலத்தில் விழவில்லை, விழுவதற்கு அப்போது அங்கே மதில் என்று ஒன்று இருந்ததற்கே தடயம் இல்லை என்று அகழாய்வாளர்கள் பலர் சொல்வதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. நிம்மதி வந்தது. காலையும் மாலையும் வேதம் வாசித்து ஜெபம் செய்யும் வீட்டில் வளர்ந்த ஒருவனுக்கு வந்திருக்கக் கூடாத நிம்மதி. மதில் விழவில்லை என்றால், வேதத்தில் அதைச் சொல்லும் அதிகாரத்தில் அடுத்து வருவதும் நடக்கவில்லை என்றாகிறது. ஆண்கள், பெண்கள், வாலிபர், கிழவர், மாடு, ஆடு, கழுதை என்று வரிசையாகச் சொல்லிப் பட்டயத்துக்கு இரையாக்கப்பட்ட அத்தனை உயிரும் பிழைத்துக்கொள்கின்றன. ஒரு மண்வெட்டி என் கடவுளை ஜாமீனில் எடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிம்மதியோடு சில காலம் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு நிம்மதியே உறுத்தத் தொடங்கியது. யாருக்காக நான் ஆறுதல் அடைந்தேன்? மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் ஊர்க்காரர்களுக்காகவா, அல்லது ஞாயிற்றுக்கிழமை காலையில் பழையபடி கோயிலில் போய் உட்கார எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டதற்காகவா? கொலை நடக்கவில்லை என்று தெரிந்தபோது, அதைக் கொண்டாடிச் சொன்ன குரல் மட்டும் அப்படியே மிஞ்சி நின்றது. அந்தக் குரலை எந்த மண்வெட்டியும் தொடவில்லை.

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போவது இறங்கிக்கொண்டே போவது. காது அடைத்துக்கொள்கிறது, எச்சில் விழுங்கினால் திறக்கிறது, மறுபடி அடைக்கிறது. கடல் மட்டம் இதுதான் என்று காட்டும் பலகை சாலையோரத்தில் கடந்துபோன பிறகும் பேருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஊர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே கிடக்கிறது. இருபுறமும் புல் முளைக்காத வெளிர் மலைகள். கீழே போனதும் திடீரென்று பேரீச்சை, வாழை, எலுமிச்சை. இவ்வளவு பச்சைக்கும் காரணமான ஊற்று ஒன்று இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊற்றை ஒட்டித்தான் டெல் எஸ்-சுல்தான் என்ற மேடு. பழைய எரிகோ என்பது இந்த மேடுதான். ஏறத்தாழ 20 மீட்டர் உயரம், ஒரு சுற்று நடந்துவரக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் அளவு. யோசுவாவின் மக்கள் ஏழாம் நாளில் ஊரை ஏழு முறை சுற்றினார்கள் என்ற செய்தி இங்கே வந்து நின்றால் சட்டென்று நம்பும்படி ஆகிவிடுகிறது. இவ்வளவு சிறிய இடத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம். வரலாற்று நகரம் என்று நாம் மனதில் கட்டிவைத்திருக்கும் எதுவும் அங்கே இல்லை. பழுப்பு மண், சரிவு, வேலி, வெட்டிய குழிகள், குழிகளின் ஓரத்தில் கம்பி. தலைக்கு மேலே சோதனை மலைக்குப் போகும் ரோப் காரின் சிவப்புப் பெட்டிகள் மௌனமாக நகர்கின்றன. எங்கள் குழுவோடு வந்த போதகர் ஒரு நிழலில் எங்களை நிறுத்தி யோசுவா ஆறாம் அதிகாரத்தை வாசித்தார். மக்கள் ஆர்ப்பரிக்க அலங்கம் இடிந்து விழும் இருபதாம் வசனத்தோடு புத்தகத்தை மூடி, ஜெபிப்போம் என்றார். இருபத்தோராம் வசனத்தில்தான் பட்டயம் வருகிறது. அவர் வேண்டுமென்று நிறுத்தியதாகத் தோன்றவில்லை. எல்லோரும் அங்கேதான் நிறுத்துவார்கள். நான் படித்த ஞாயிறு பள்ளியிலும் அங்கேதான் நிறுத்தினார்கள்.

ஜெபம் முடிந்ததும் குழுவில் இருந்த ஒரு பெரியம்மா என் முழங்கையைத் தொட்டு, "விழுந்த மதில் எங்க இருக்குன்னு கேளுங்க தம்பி" என்றார். வழிகாட்டி அந்த ஊர்க்காரர், அரபி பேசுபவர், நாங்கள் கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தவர். மேட்டின் அடிவாரத்தில் பெரிய பெரிய கற்களை அடுக்கி எழுப்பிய ஒரு தாங்குசுவரிடம் எங்களைக் கூட்டிப்போனார். மேட்டுச் சரிவு சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்த, நடு வெண்கலக் காலத்தில் கட்டியது. மேலே இருந்த மண்செங்கல் மதில் எப்போதோ போய்விட்டது. இந்தக் கல்வரிசை மட்டும் அசையாமல் நிற்கிறது. "விழுந்தது எதுவும் காட்ட இல்லையாம் பெரியம்மா, நின்னதுதான் இருக்காம்" என்றேன். அவர் ஒரு கல்லின் மீது உள்ளங்கையை வைத்து, சூடாக இருந்திருக்க வேண்டும், உடனே எடுத்துக்கொண்டார். "சரி, நிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். ஆண்டுக்கணக்காக நான் புத்தகங்களில் தேடி மனதைக் கலக்கிக்கொண்ட ஒன்றை அவர் ஒரே சொல்லில் ஒதுக்கிவைத்துவிட்டு நிழலுக்குப் போய்விட்டார். அவருடைய விசுவாசத்துக்கு அந்தச் சுவர் விழவும் தேவையில்லை, நிற்கவும் தேவையில்லை. என்னுடைய அவிசுவாசத்துக்குத்தான் சுவர் பற்றிய தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது.

தீர்ப்புக்காக இந்த மேட்டைத் தோண்டியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 1868இல் சார்ல்ஸ் வாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் இங்கே செங்குத்துக் குழிகள் இறக்கிப் பார்த்தார். குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை என்று போய்விட்டார். உலகின் மிகப் பழைய கட்டுமானங்களுள் ஒன்றான கோபுரம் அவருடைய குழிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளி மண்ணுக்குள் இருந்தது. 1907 முதல் 1909 வரை தோண்டிய ஜெர்மானியர்கள் செலினும் வாட்சிங்கரும், இஸ்ரவேலர் வந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் இந்த இடத்தில் குடியிருப்பு இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். 1930களில் வந்த ஜான் கார்ஸ்டாங், இடிந்த மண்செங்கல் மதில்களைக் கண்டு, யோசுவாவின் மதில் இதுதான், கி.மு. 1400 வாக்கில் விழுந்தது என்று அறிவித்தார். வேதம் மெய்யானது என்று பிரசங்க மேடைகள் ஆர்ப்பரித்தன. பிறகு 1952 முதல் 1958 வரை கேத்லீன் கென்யன். இவர் தோண்டும் முறையை மார்ட்டிமர் வீலரிடம் கற்றவர். அகலமாகப் பறிக்காமல் ஒடுக்கமாக ஆழ வெட்டி, குழியின் பக்கச் சுவரில் தெரியும் மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக வாசிக்கும் முறை அது. அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் குழி வெட்டி, ரோமானிய மண்பாண்டத்தைக் கொண்டு தென்னிந்திய வரலாற்றுக்கு ஒரு கால அளவுகோலைத் தேடியவர். அரிக்கமேட்டுக் குழியின் விளிம்பில் நின்ற அதே கண்தான் எரிகோவின் குழிக்குள்ளும் பார்த்தது என்று சொல்லலாம். கென்யன் அடுக்குகளை வாசித்தபோது, கார்ஸ்டாங்கின் மதில்கள் அவர் சொன்ன காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்தவை என்று தெரிந்தது. நெருப்பில் அழிந்த கடைசிப் பெருநகரம் கி.மு. 16ஆம் நூற்றாண்டோடு முடிந்திருந்தது. அதற்குப் பிந்தைய அடுக்கில் கிடைத்தவை மிகச் சொற்பம். அந்தக் காலத்து மதில் எதையும் அவர் காணவில்லை. மழையும் காற்றும் அரித்துப் போயிருக்கலாம் என்று அவரே ஒரு வாசலைத் திறந்துவைத்தார். கென்யனின் தந்தை சர் ஃபிரெடெரிக் கென்யன் பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநராக இருந்தவர், வேதாகமக் கையெழுத்துப் படிகளின் நம்பகத்தன்மையைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். மகள் எரிகோவில் தோண்டத் தொடங்கிய 1952ஆம் ஆண்டிலேயே அவர் இறந்துபோனார். அப்பாவும் மகளும் இதைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்தபடி குழியின் கம்பியைப் பிடித்து நின்றேன். எனக்கு அது அகழாய்வைவிடச் சுவாரசியமான கேள்வியாகத் தோன்றியது.

விவாதம் அதோடு ஓயவில்லை. எரிந்த நகரத்தின் வீடுகளில் தானியம் நிறைந்த ஜாடிகள் கருகிக் கிடந்தன. கொள்ளையடிக்காமல், பட்டினி போடாமல், அறுவடை முடிந்த கையோடு ஊரைப் பிடித்திருக்கிறார்கள் என்பதற்கு இது சான்று, யோசுவா கதையிலும் அப்படித்தானே வருகிறது என்று 1990இல் பிரையன்ட் வுட் என்பவர் வாதாடி, எரிந்த காலத்தை மறுபடி கி.மு. 1400க்குக் கொண்டுவரப் பார்த்தார். 1995இல் அந்தக் கருகிய தானியங்களையே கதிரியக்கக் கார்பன் ஆய்வுக்கு உட்படுத்தினார்கள். காலம் மீண்டும் கி.மு. 16ஆம் நூற்றாண்டுக்கே போனது. இந்த வாதப் பிரதிவாதங்களை இரவு நேரங்களில் ஆவலோடு படித்துக்கொண்டிருந்தவன்தான் நான். ஒருநாள் ஏனோ நிறுத்தி, எதைப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன். சாம்பலைப் பற்றி. யாரோ சமைக்க வைத்திருந்த தானியம், மேலே விழுந்த கூரை, அறை முழுக்கக் கரி. ஒரு கட்சிக்கு இந்தச் சாம்பல் வேண்டும், தங்களுடைய புத்தகம் மெய்யாவதற்கு. மறு கட்சிக்கு இந்தச் சாம்பல் நூற்றைம்பது ஆண்டுகள் மூத்ததாக இருக்க வேண்டும், அந்தப் புத்தகம் பொய்யாவதற்கு. அந்த வீட்டில் தானியத்தை ஜாடியில் கொட்டி மூடிவைத்த கை இரண்டு கட்சிக்கும் வேண்டாம். கடவுளின் சத்தியத்தை நிலைநாட்ட ஓர் ஊர் எரிந்திருக்க வேண்டும் என்று ஒரு மனிதர் விரும்புகிறார், எரியவில்லை என்று கேட்டால் முகம் வாடுகிறார் என்றால், அந்த வாட்டத்தின் பெயர் என்ன? எரிந்தது, ஆனால் வேறு யாரோ எரித்தார்கள், எங்கள் ஆள் இல்லை என்று சொல்லி முகம் மலர்ந்த என்னுடைய மலர்ச்சிக்கும்தான் என்ன பெயர்?

மேட்டின் நடுவே கென்யன் வெட்டிய ஆழமான குழிக்குள் அந்தக் கோபுரம் இருக்கிறது. கோபுரம் என்றால் நாம் அண்ணாந்து பார்ப்பது வழக்கம். இதைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். கல்லால் கட்டிய பருத்த உருளை, 8.5 மீட்டர் உயரம், உள்ளே 22 படிகள். உச்சியில் படிவழியின் வாயை இரும்புக் கம்பி வலையால் மூடியிருக்கிறார்கள், அதற்குள் யாரோ போட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கட்டிய காலம் கி.மு. 8000 வாக்கு. மண்பாண்டம் செய்யத் தெரிவதற்கு முந்தைய மனிதர்கள் கட்டியது. யோசுவாவுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைப்போல இரண்டு மடங்கு, அவனுக்கும் இந்தக் கோபுரத்துக்கும் இடையில் இருக்கிறது. கோபுரத்தை ஒட்டி ஒரு கல்மதிலும் பாறையில் வெட்டிய அகழியும் இருந்தன. கென்யன் கண்டபோது இது கோட்டைக் காவல் என்றே கொண்டார்; மதில் என்றால் பகை என்பது எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஆனால் அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய மதிலைக் கட்டித் தடுக்கும் அளவுக்குப் பகைவர் யார்? அப்படிப்பட்ட போரின் தடயம் அங்கே இல்லை. 1986இல் ஓஃபர் பார்-யோசெஃப் என்ற தொல்லியலாளர் வேறு விதமாகச் சொன்னார். மலைச் சரிவிலிருந்து மழைக்காலத்தில் இறங்கும் சேற்று வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியதாக அந்த மதில் இருக்கலாம் என்றார். 2011இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிரானும் பர்காயும் இன்னொன்று சொன்னார்கள். ஆண்டின் மிக நீண்ட பகலில் சூரியன் மறையும்போது மேற்கு மலையின் நிழல் முதலில் இந்தக் கோபுரத்தைத்தான் தொடுகிறது. வானத்தோடும் பொழுதோடும் தொடர்புடைய சடங்குக்காகக் கட்டியதாக இருக்கலாம் என்றார்கள். எது சரியோ. நான் கம்பியில் சாய்ந்து பார்த்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது காவற்கோபுரம்தான். படியேறி மேலே வந்து பகைவர் வருகிறார்களா என்று பார்க்கும் ஒரு காவலாளியை நானாகவே அங்கே நிறுத்திக்கொண்டேன். ஆறாம் அதிகாரம் சிறுவயதிலேயே என் கண்ணைப் பழக்கிவிட்டிருக்கிறது. சேற்றைத் தடுத்த சுவரைப் பார்த்தால்கூட எக்காளம்தான் கேட்கிறது.

அதே மனிதர்களின் வழித்தோன்றல்கள் இன்னொன்றும் செய்தார்கள். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். சிலருடைய மண்டையோட்டை மட்டும் பிறகு தோண்டி எடுத்து, உள்ளே மண் நிரப்பி, மேலே சுண்ணச் சாந்தால் மூக்கும் கன்னமும் காதும் வனைந்து, கண்குழியில் கிளிஞ்சல் பதித்தார்கள். 1953இல் கென்யனின் குழு இவற்றைக் கண்டெடுத்தது. பெரும்பாலானவற்றில் கிளிஞ்சல் துண்டுகள்; ஒன்றில் மட்டும் சோழிகள். சோழியின் நீளவாக்குப் பிளவு, மூடிய இமைபோலத் தெரிகிறது. கடல் இங்கிருந்து நெடுந்தூரம். எங்கோ கைமாறிக் கைமாறி வந்த சோழியை, தன் அப்பாவின் முகத்தில் பதிக்க ஒருவர் எடுத்துவைத்திருந்திருக்கிறார். அப்பாதான் என்று எப்படிச் சொல்வது, தாத்தாவாகவும் மாமியாகவும் இருக்கலாம். ஆனால் யாரோ ஒருவர், பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஒரு மண்டையோட்டை ஸ்கேன் செய்து பார்த்தபோது, குழந்தைப் பருவத்தில் தலையை இறுக்கிக் கட்டி வடிவம் மாற்றியிருந்தது தெரிந்தது. பிறந்தவுடன் ஒரு கை அந்தத் தலையைக் கட்டியிருக்கிறது, இறந்த பின் ஒரு கை அதற்கு முகம் கொடுத்திருக்கிறது. எரிகோ என்ற பெயரைக் கேட்டால் இதுவன்றோ முதலில் நினைவுக்கு வர வேண்டும்? செத்தவரை விடமாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்ட ஊர் இது. உலகம் முழுக்க அதை அறிந்திருப்பதோ, உயிரோடு இருந்த ஒருவரையும் விடாமல் சாபத்தீடாக்கிய ஊராக. இந்த இரண்டில் ஒன்று கைக்கு எட்டும் பொருளாக இருக்கிறது. இன்னொன்றுக்குக் கதையைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. கதைதான் வென்றது.

மேட்டின் உச்சியில் நின்று கிழக்கே பார்த்தால் யோர்தான் பள்ளத்தாக்கைத் தாண்டி மோவாபின் மலைகள் நீலச் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. மோசே ஏறி நின்று எரிகோவைப் பார்த்ததாகச் சொல்லப்படும் நேபோ அங்கேதான். வாரன் இந்த மேட்டில் குழி இறக்கிய அதே 1868ஆம் ஆண்டில், அந்தப் பக்கத்து திபானில் ஒரு கருங்கல் கிடைத்தது. கி.மு. 9ஆம் நூற்றாண்டில் மோவாபின் அரசன் மேசா வெட்டிவைத்த கல்வெட்டு, இன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேலருக்குச் சொந்தமான நேபோ என்ற ஊரைத் தன் தெய்வம் கேமோஷின் கட்டளைப்படி பிடித்து, ஆண், பெண் என்று 7,000 பேரையும் தெய்வத்துக்கு அர்ப்பணமாகக் கொன்றதாக அதில் அவன் சொல்லிக்கொள்கிறான். யோசுவாவின் வாயில் வரும் அதே பேச்சு, ஆற்றுக்கு அந்தப் பக்கம், அந்தப் பக்கத்துத் தெய்வத்தின் பெயரால், இந்தப் பக்கத்து மக்களுக்கு எதிராக. மேசா சொன்ன எண்ணிக்கையும் வெறும் மார்தட்டலாக இருக்கலாம். இரு கரையிலும் இருந்த சிறிய அரசர்கள், தங்களைவிடப் பெரிய பேரரசுகளின் காலடியில் கிடந்துகொண்டு, தாங்களும் ஒரு காலத்தில் ஓர் ஊரையே துடைத்தெறிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறார்கள். எரிகோவில் கதைக்கு முன்பே இடிபாடு இருந்தது. ஆடு மேய்த்தவர்களும் வழிப்போக்கர்களும் பல நூறு ஆண்டுகளாக அந்தச் சரிந்த செங்கல் குவியலைப் பார்த்துப் போயிருப்பார்கள். பூமியின் பெரும் பிளவு ஒன்றின் மீது கிடக்கும் இடம் இது. நிலநடுக்கத்தில் மதில்கள் பலமுறை விழுந்தன, பலமுறை கட்டப்பட்டன. இதை யார் இடித்தது என்று ஒரு குழந்தை கேட்டிருக்கும். நம்முடைய முன்னோர் என்று ஒரு பெரியவர் சொல்லியிருப்பார். அப்படித்தான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் செய்யாத கொலையை ஏற்றுக்கொண்டு பெருமைப்படும் மனம் எனக்குப் புரியாத மனம் அல்ல. அரிவாளைத் தொட்டறியாதவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து, தங்கள் தாத்தா காலத்தில் பக்கத்து ஊரை என்ன பாடு படுத்தினார்கள் என்று சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும்.

நடக்கவில்லை என்பதால் கதை பலமிழந்துவிடவில்லை. அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன்கள் அந்த மண்ணின் பழங்குடிகளைக் கானானியராகவும் அமலேக்கியராகவும் கண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் போயர்கள் தங்கள் மாட்டுவண்டிப் பயணத்தில் வாக்குத்தத்த பூமியைத் தேடினார்கள். 1950களின் இறுதியில் இஸ்ரேலின் பிரதமர் பென்-குரியன் தன் வீட்டில் அறிஞர்களைக் கூட்டி யோசுவாவின் புத்தகத்தைப் பாடம் படித்தார். இவர்களில் யாருக்கும் கென்யனின் மண்ணடுக்கு தடையாக இருந்ததில்லை, இருந்திருக்கவும் முடியாது. நடந்த கொலைக்குச் சாட்சி உண்டு, எலும்பு உண்டு, வருத்தப்படவும் வெட்கப்படவும் ஓர் இடம் உண்டு. நடக்காத கொலைக்கு எதுவும் இல்லை. அது மாசற்ற முன்னுதாரணமாக நின்றுவிடுகிறது. ரத்தவாடை இல்லாத, பிணம் அகற்ற வேண்டாத ஒரு வெற்றி. இந்த எண்ணத்துக்கு வந்தபோதுதான் என்னுடைய பழைய நிம்மதி முழுவதுமாகக் கைவிட்டுப் போனது. ஆனாலும் உடனே அடுத்த பக்கத்துக்கும் சாய்ந்துவிட முடியவில்லை. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் யோசுவாவையும் எரிகோவையும் பற்றிப் பாடினார்கள். அந்தப் பாட்டு இன்றும் உலகம் முழுக்கக் கேட்கிறது. கையில் ஆயுதமும் இல்லாமல் காலில் விலங்கோடு இருப்பவருக்கு, சத்தம் போட்டாலே மதில் விழும் என்ற கதை வேறு எதுவாகவோ இருந்திருக்கிறது. அவர்கள் பாடியது எசமானின் மதில் விழுவதைப் பற்றி. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008இல் இடிக்கப்பட்டதை நினைத்தால், மதில் விழட்டும் என்ற ஆசையை நான் எந்த வாயால் குறை சொல்வது? எருசலேமிலிருந்து வரும் வழியிலேயே 2002 முதல் இஸ்ரேல் எழுப்பிய கான்கிரீட் சுவர் பேருந்து ஜன்னலை அடைத்துக்கொண்டு வெகுநேரம் கூடவே வந்தது. அது விழட்டும் என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆகவே மதிலைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை. இருபதாம் வசனம் இருபத்தொன்றாக மாறும் இடத்தில்தான் எனக்குச் சண்டை. மதில் விழுந்ததும் அங்கே மனிதர்கள் தெரிகிறார்களே, அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது பாட்டும் ஞாயிறு பள்ளியும் முடிந்துவிடுகின்றன.

அந்த அதிகாரத்தைத் திரும்பிவந்த பிறகு மறுபடியும் வாசித்தேன், இந்த முறை சத்தங்களை மட்டும் கவனித்து. எக்காளம் ஊதுகிறது, காலடி கேட்கிறது, ஏழாம் நாள் ஆர்ப்பரிப்பு. எல்லாம் மதிலுக்கு வெளியே. உள்ளேயிருந்து ஒரு சொல்கூட வருவதில்லை. கதவு பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான் செய்தி. ஏழு நாட்கள் தினமும் அந்த நடையைக் கேட்டுக்கொண்டு இருந்தவர்கள் குழந்தைகளிடம் என்ன சொன்னார்கள், தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போக முடியாமல் என்ன செய்தார்கள், ஒன்றும் இல்லை. அரசன் அனுப்பும் ஒரு கட்டளையை விட்டால், அந்த ஊர்ப் பெண் ராகாப் ஒருத்திதான் முந்தைய கதையில் வாய் திறந்து பேசுகிறாள். அவள் பேசுவதும் தன் ஊருக்கு எதிராக. அவளையும் வீட்டாரையும் வெளியே கொண்டுவந்து பாளயத்துக்குப் புறம்பே உட்காரவைக்கிறார்கள். அங்கிருந்து அவள் எதைக் கேட்டிருப்பாள், யார் யாருடைய குரலை அடையாளம் கண்டிருப்பாள் என்பதை எழுதியவர் எழுதவில்லை. பிற்காலத்தில் இயேசுவின் வம்சவரலாற்றில் அவள் பெயர் வருகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். பிழைத்த ஒருத்தியின் பெயரை ஏற்றிக்கொண்டதால் மற்றவர்களின் பெயரின்மை சரியாகிவிடுமா? இன்று அந்த மேட்டைச் சுற்றி இருப்பவர்களின் சத்தமும் நமக்கு ஏறக்குறைய இப்படித்தான் கேட்கிறது. 1948இல் வீடிழந்து வந்த பாலஸ்தீனர்களுக்காக மேட்டின் அருகிலேயே அகதி முகாம்கள் எழுந்தன. ஐன் எஸ்-சுல்தான், அகபத் ஜபர் என்று பெயர்கள். கென்யனின் குழியில் மண் சுமந்தவர்களில் அந்த முகாம்வாசிகளும் உண்டு. பத்தாயிரம் ஆண்டு பழைய மண்செங்கல்லைத் தோண்டிவிட்டு மாலையில் தாங்கள் புதிதாகக் கட்டிய மண்செங்கல் வீட்டுக்குத் திரும்பினார்கள். 1967 போரில் அவர்களில் பெரும்பாலோர் யோர்தானைக் கடந்து மறுபடி ஓடினார்கள். ஆளில்லாத மண்வீடுகள் நின்று கரைந்தன. 1994இல் எரிகோ பாலஸ்தீன நிர்வாகத்தின் கைக்கு வந்தது. 2023இல் ரியாத்தில் கூடிய யுனெஸ்கோ கூட்டம் டெல் எஸ்-சுல்தானைப் பாலஸ்தீனத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, இஸ்ரேல் ஆட்சேபித்தது. நாங்கள் பேருந்தில் வந்து, வசனம் வாசித்து, பேரீச்சம்பழம் வாங்கி, பேருந்தில் திரும்பினோம். ஊருக்குள் யாருடனும் எங்களுக்குப் பேச எதுவும் இருக்கவில்லை. சுற்றி வந்தவர்கள் நாங்களும்தான்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் எரிகோ ஜெபம் என்று ஒன்று உண்டு. கோயில் கட்ட நினைக்கும் மனை சிக்கலில் இருந்தால், வழக்கு முடியாமல் இழுத்தால், வேலை கிடைக்காமல் இருந்தால், ஏழு நாள் உபவாசம் இருந்து சுற்றி வந்து ஜெபிப்பார்கள். எதிர்த்து நிற்கும் மதில் தகரும் என்பது நம்பிக்கை. துன்பத்தில் இருப்பவர்களின் அந்த நடையை நான் கேலி செய்ய மாட்டேன். என் அம்மாவும் அப்படி நடந்தவர்தான். ஆனால் அந்த மனைக்குள் ஒரு குடும்பம் குடியிருந்தால், அவர்கள் அந்த வழக்கில் எதிராளியாக இருந்தால், ஜன்னல் வழியே இந்த நடையை எப்படிப் பார்ப்பார்கள் என்று அம்மாவிடம் நான் கேட்டதில்லை. எரிகோவுக்கு வேதத்திலேயே இன்னொரு கதை இருக்கிறது. தீர்க்கதரிசி எலிசா அங்கே தங்கியிருந்தபோது ஊர்க்காரர்கள் அவரிடம் வருகிறார்கள். ஊர் நல்ல ஊர்தான், தண்ணீர்தான் கெட்டிருக்கிறது, நிலம் விளையவில்லை என்கிறார்கள். சாபமிடப்பட்ட ஊரின் மனிதர்கள், கடைசியாக வாய் திறக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்ல இருப்பது குடிதண்ணீர்ப் பிரச்சினை. எலிசா ஒரு புதிய பாத்திரத்தில் உப்பு கேட்டு வாங்கி அதை ஊற்றுக்கண்ணில் போடுகிறார். மேட்டின் அடியில் இன்றும் ஓடும் அதே ஊற்று. சுற்றிவந்து கூக்குரலிடுவதற்குப் பதிலாக, ஊருக்குள் போய் என்ன குறை என்று கேட்கும் இந்தக் கதையின் பெயரால் நம்மிடம் ஒரு ஜெபமும் இல்லையே என்று நினைத்து, இதையே பிடித்துக்கொள்ளலாம், இதுதான் என் எரிகோ என்று முடிவு செய்யப் பார்த்தேன். அதற்குள் கண் அடுத்த வசனத்துக்குப் போய்விட்டது. தண்ணீரைச் சரிசெய்த எலிசா அங்கிருந்து பெத்தேலுக்கு ஏறிப்போகிறார், வழியில் பிள்ளைகள் அவருடைய மொட்டைத் தலையைக் கேலி செய்கிறார்கள், அவர் சபிக்கிறார், காட்டிலிருந்து இரண்டு கரடிகள் வந்து 42 பிள்ளைகளைப் பீறிப்போடுகின்றன. எரிகோவைத் திரும்பக் கட்டியதற்காக மூத்த மகனையும் இளைய மகனையும் பறிகொடுத்த ஈயேல் என்பவனும் இதே பெத்தேல் ஊரான். அந்த ஊர் தன் பிள்ளைகளை எத்தனை முறைதான் கொடுப்பது? இதுவும் நடந்திருக்காது என்று எனக்குத் தெரியும். கரடிகளுக்கும் ஒரு கென்யன் வருவார், விளக்கம் சொல்வார். இந்த முறை அவருக்காக நான் காத்திருக்கவில்லை.